மூன்று பக்கமும் ஆறு

கண்டி மாநகரின் வரைபடத்தை முதன்முதலாக விரித்துப் பார்க்கிறவர் எவரும், இவ்வூருக்கு எக்காலத்திலேனும் தண்ணீர்க் கஷ்டம் நேரக்கூடும் என்று எண்ணமாட்டார். இலங்கைத் தீவின் நதிகளுள் மிக நீண்டதாகிய, 335 கிலோமீற்றர் ஓடும் மகாவலி கங்கை, தெற்கே கம்பளைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து, பேராதனையில் நகரின் மேற்கு விளிம்பைத் தொட்டு, கெட்டம்பே வழியாக வடக்கே கட்டுகஸ்தோட்டை வரை சென்று, அங்கே கிழக்கு முகமாகத் திரும்பிப் பொல்கொல்லையைக் கடந்து, மறுபடியும் தென்கிழக்காக வளைந்து, நகரத்தை மூன்று புறமும் அணைத்துக்கொண்டு போகிறது. நடுவிலே ஓர் ஏரி. ஏரிக்கு மேலே உடவத்தகெலே என்னும் அரச வனம். தெற்கே மேகம் தவழும் ஹந்தானை மலைத்தொடர். இத்தனையும் வாய்த்த ஊரில், சிறிது காலம் மழை பொய்த்தாலும் மேட்டுக் குடியிருப்புகளில் குழாய் வறண்டு, பவுசர் வண்டி எப்போது வரும் என்று வாளிகளோடு மக்கள் காத்திருக்க நேருவது ஏன் என்ற கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், பௌதிக சாஸ்திரத்தில் தொடங்கி, இரசாயனத்தையும் நுண்ணுயிரியலையும் கடந்து, கடைசியில் அரசியல் பரிபாலனத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ஏரியைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம். கண்டி இராச்சியத்தின் கடைசி மன்னனும், தென்னிந்திய நாயக்கர் வம்சத்தில் தோன்றியவனுமாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1807ஆம் ஆண்டில் வயல் நிலமாக இருந்த பள்ளத்துக்கு அணையிட்டு இந்த ஏரியை அமைக்கத் தொடங்கினான். அதன் சௌந்தரியத்தைக் காண உலகின் பல திசைகளிலிருந்தும் யாத்திரிகர்கள் வருகிறார்கள். ஆனால் ஏரி அமைந்திருப்பது ஒரு மலைக் கிண்ணத்தின் அடியில். நகரின் சரிவுகளில் விழும் மழைநீரோடு வீதிகளின் அழுக்கும், மேலேயுள்ள கட்டடங்களின் கழிவும் அதையே நாடி வருகின்றன. 1999ஆம் ஆண்டில் அந்த ஏரியின் மேற்பரப்பு முழுவதும் பச்சைப் பாயலாய்ப் படர்ந்தபோது, ஆராய்ந்து பார்த்த விஞ்ஞானிகள் அதை மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி என்று கண்டார்கள். பாசி என்று வழக்கில் சொன்னாலும் இது பக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. பொஸ்பரசும் நைதரசனும் மிகுந்த நீரில், வெயிலும் அமைதியும் கிடைத்தால் வெகு விரைவில் பெருகும். இதன் சில வகைகள் சுரக்கும் நஞ்சு கல்லீரலைத் தாக்குவது. தண்ணீரைக் கொதிக்கவைப்பதனாலும் அந்நஞ்சு அழிவதில்லை. அழகிய ஒரு நீர்நிலை குடிநீருக்கு ஆதாரமாகிவிடுவதில்லை என்பதை நகரத்தார் அந்த ஆண்டில் கண்ணெதிரே கண்டார்கள்.

ஆங்கில ஆட்சிக் காலத்தில், 1865ஆம் ஆண்டின் மாநகர சபைச் சட்டத்தின் கீழ்க் கண்டிக்கு ஒரு மாநகர சபை வாய்த்தது. அக்காலத்து நகரம் சிறியது. நீரூற்றுகளும் கிணறுகளும் மலையோடைகளுமே அதற்குப் போதுமானவையாக இருந்தன. குழாய் வழியே நீர் வழங்க வேண்டிய அவசியம் பிறந்தபோது, நிர்வாகத்தார் தாழ்வில் ஓடும் ஆற்றை நோக்காமல், நகருக்கு மேலே ஹந்தானைச் சரிவில் உள்ள துனுமடலாவைப் பக்கத்து ஓடைகளை நோக்கினார்கள். ஓடையை மறித்துச் சிறு நீர்த்தேக்கம் கட்டிவிட்டால், புவியீர்ப்பு விசை ஒன்றே நீரை நகருக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். நிலக்கரியோ மின்சாரமோ வேண்டியதில்லை. ஒரு காலத்தில் தோட்டப் பயிர் விளைந்த அந்த நிலம், நீரேந்து பிரதேசமாக மாநகர சபையின் வசம் வந்து, மனிதர் கை படாமல் விடப்பட்டபடியால், மறுபடியும் காடாக வளர்ந்து இன்று பறவைகளுக்கும் மரங்களுக்கும் சரணாலயம்போல் நிற்கிறது.

இந்தக் காடு செய்யும் உபகாரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மொட்டைச் சரிவில் விழும் மழைத்துளி மண்ணை நேரே அறைந்து, மேற்பரப்பின் நுண்துளைகளைச் சேற்றால் அடைத்துவிடுகிறது. அடைபட்ட மண் நீரை உட்கொள்ளாது. உட்கொள்ளப்படாத நீர் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகிறது. மரமும் புதரும் சருகும் மூடிய தரையிலோ, துளியின் வேகம் இலைகளில் தணிந்து, வேர்களும் புழுக்களும் உண்டாக்கிய கணக்கற்ற வழிகளால் நீர் மெல்ல இறங்கி, பாறை வெடிப்புகளில் தங்கி, மழை நின்று பல வாரங்கள் சென்ற பின்னும் ஊற்றாகக் கசிந்துகொண்டிருக்கிறது. மரங்கள் தாமும் நீரைப் பருகி ஆவியாக விடுகின்றன என்பதும் உண்மையே. ஆகையால் காடு நீரின் மொத்த அளவைப் பெருக்குகிறது என்று சொல்வது சாஸ்திரப்படி சரியன்று. அது நீரைச் சுத்தமாகவும், காலம் தாழ்த்தியும், ஒழுங்காகவும் தருகிறது. சுத்திகரிப்பு நிலையமும் நீர்த்தேக்கமும் செய்யும் வேலையில் ஒரு பெரும் பகுதியைச் சம்பளமில்லாமல் செய்துவிடுகிறது. நியூயோர்க் மாநகரம் இதை உணர்ந்து, 1997ஆம் ஆண்டில் தனது நீர் வரும் கட்ஸ்கில் மலைப் பிரதேசத்து ஊர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு, கோடிக்கணக்கான டொலர் செலவில் வடிகட்டும் ஆலை கட்டுவதற்குப் பதிலாக, மேலேயுள்ள நிலத்தை வாங்கவும், அங்கே விவசாயம் செய்வோரின் பண்ணைகளையும் கழிவுக் குழிகளையும் சீர்படுத்தவும் பணம் கொடுத்தது. நீரைக் காப்பதற்கு அது விழும் நிலத்தைக் காக்க வேண்டும் என்ற இந்த எண்ணத்தை, பெயர் சூட்டாமலேயே, கண்டி மாநகர சபையின் பழைய நிர்வாகத்தார் துனுமடலாவையில் காரியத்தில் காட்டிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஆனால் அந்தக் காட்டின் பரப்புக்கு ஓர் எல்லையுண்டு. ஜனங்களின் பெருக்கத்துக்கு எல்லை இருக்கவில்லை. ஓடைகளின் நீர் போதாமற்போக, கெட்டம்பேயிலே மாநகர சபையும், மீவத்துர, கட்டுகஸ்தோட்டை முதலிய இடங்களிலே தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் ஆற்றுநீரை எடுத்துச் சுத்திகரிக்கத் தலைப்பட்டன. புவியீர்ப்பு விசையின் தயவில் வாழ்ந்த நகரம் அன்றுமுதல் அந்த விசையோடு மல்லுக்கு நிற்க வேண்டியதாயிற்று.

இதற்கு ஆகும் சக்தி எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமன்று. ஓர் அலகு தண்ணீர் என்பது ஒரு கனமீற்றர், அதாவது 1000 லீற்றர். அதன் எடை 1000 கிலோகிராம். அதை 100 மீற்றர் உயரத்துக்குத் தூக்குவதற்கு ஏறக்குறைய 9,81,000 ஜூல் சக்தி வேண்டும். மின்சாரக் கணக்கில் இது 0.27 அலகு. பம்பியிலும் மோட்டாரிலும் குழாய்ச் சுவர்களின் உராய்விலும் நேரும் நஷ்டத்தைச் சேர்த்தால் 0.4 அலகுக்குக் குறையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் வீதம் செலவிடும் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மாதத்தில் 14 கனமீற்றருக்குச் சற்று அதிகமாக நீர் தேவைப்படும்; அதை 100 மீற்றர் ஏற்றுவதற்கு மட்டும் சுமார் 6 அலகு மின்சாரம். ஒரு குடும்பத்துக்கு இது சிறு தொகை. மலைச்சரிவில் பத்தாயிரம் குடும்பங்கள் குடியேறிவிட்டால் மாதத்துக்கு 60,000 அலகு. இரு மடங்கு உயரத்தில் குடியேறினால் அதன் இரட்டிப்பு. மின்வெட்டு பல மணி நேரம் நீடித்த 2022ஆம் ஆண்டில், மின்சாரத்தின் தட்டுப்பாடு எவ்வளவு எளிதில் தண்ணீரின் தட்டுப்பாடாக மாறக்கூடும் என்பதை மேட்டுநில வாசிகள் நன்றாக உணர்ந்திருப்பார்கள். அவ்வாண்டு செப்டெம்பரிலும் மறு ஆண்டு ஆகஸ்டிலும் தண்ணீர்க் கட்டணம் நாடெங்கும் உயர்த்தப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் மின்சாரச் செலவும் ஒன்று.

ஏற்றிய நீரை இறக்குவதிலும் சங்கடம் உண்டு. நீர் பத்து மீற்றர் இறங்குந்தோறும் குழாயில் அழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் வீதம் ஏறுகிறது. நூறு மீற்றர் உயரத்துத் தொட்டியிலிருந்து நேரே பள்ளத்துக்குக் குழாய் இறக்கினால், அடியிலுள்ள வீட்டில் இணைப்புகள் பிளந்துவிடும். நிலத்துக்குள் பழைய மூட்டுகள் கசியத் தொடங்கும். ஆதலால் இடையிடையே அழுத்தத்தை முறிக்கும் தொட்டிகளையும் வால்வுகளையும் அமைத்து, நகரத்தைப் படிப்படியான அழுத்த வலயங்களாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. சமவெளி நகரமொன்றில் ஒரே தொட்டி செய்யும் வேலைக்குக் கண்டியில் பல தொட்டிகளும் பல பம்பி நிலையங்களும் அவற்றைக் கவனிக்கும் பல ஊழியர்களும் வேண்டும்.

இனி, ஆற்றுநீர் குடிநீராகும் விதம். மழைக்காலத்தில் மகாவலியின் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வைத்தால், நாள் முழுவதும் வைத்திருந்தாலும் அது தெளிவதில்லை. களிமண்ணின் நுண்துகள்கள் ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் எதிர்மின்னேற்றம் இருப்பதால், அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, கூடிப் பருத்து அடியில் படிய வழியில்லாமல் மிதந்துகொண்டேயிருக்கின்றன. நம் முன்னோர் பானையின் உட்சுவரில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்ததன் இரகசியமும் இதில்தான் இருக்கிறது. கொட்டையிலுள்ள புரதமும் பிசினும் போன்ற பொருள்கள் துகள்களைப் பற்றி ஒன்றோடொன்று சேர்த்துவிடுகின்றன. சுத்திகரிப்பு நிலையத்தில் இதே தொழிலைப் படிகாரம் முதலான அலுமினிய உப்புகள் செய்கின்றன. படிகாரத்தை இட்டு வேகமாகக் கலக்கி, பின் மெதுவாகக் கிளறினால், துகள்கள் திரண்டு பஞ்சுத் திரள்களாகி, அமைதியான தொட்டியில் அடியில் இறங்குகின்றன. எஞ்சியதை மணற்படுகை வடிகட்டுகிறது. முடிவில் குளோரின் சேர்க்கப்படுகிறது.

குளோரினைப் பற்றி மக்களிடையே ஒரு மனக்குறை இருப்பதை நான் அறிவேன். வாசனை பிடிக்கவில்லை என்பார்கள். ஆனால் அந்த வாசனையின் சிறு மிச்சமே காவல். நிலையத்தில் கிருமிகளைக் கொன்றுவிட்டால் மட்டும் போதாது. பல கிலோமீற்றர் குழாயில் போகும் நீருக்கு வழியில் அழுக்குச் சேர்ந்தால் அதையும் எதிர்க்கும் வலு வேண்டும். ஆகவேதான் வீட்டுக் குழாயில் வந்து விழும் நீரிலும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமேனும் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைத்திருக்கிறது. குழாய் எப்போதும் நிறைந்து அழுத்தத்தோடு இருக்குமாயின் கசிவுகளின் வழியே நீர் வெளியேறுமேயன்றி வெளியிலுள்ளது உள்ளே புகாது. நீரை நிறுத்தி நிறுத்தி விடும்போதோ, காலியாகும் குழாயில் அழுத்தம் குறைந்து, பக்கத்து வாய்க்காலிலும் மலக்குழியிலும் ஊறியிருக்கும் அழுக்கை அதே கசிவுகள் உள்ளே உறிஞ்சிக்கொள்கின்றன. சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடுவது சிக்கனம் என்று கருதும் நிர்வாகிகள் இதை நன்றாகச் சிந்திக்க வேண்டும். 2007ஆம் ஆண்டில் கம்பளைப் பக்கத்தில் பலரைப் பீடித்த செங்கண்மாரிக்குக் காரணமான கிருமி, மனித மலத்திலிருந்து நீருக்கும் உணவுக்கும் சென்று பரவும் இனத்தது.

இதுவரை சொன்னவை எல்லாம் பொறியியலாளரின் காரியங்கள். ஆனால் எந்த நிலையம் எவ்வளவு நீரை எங்கே எடுப்பது, எந்த அழுக்கை யார் தடுப்பது, எந்தக் குழாய்க்கு யார் பொறுப்பு என்பவற்றைத் தீர்மானிப்பது பொறியியலன்று. இந்த இடத்தில் ஜெர்மனியின் எல்பே ஆற்றங்கரைக்கு ஒரு முறை சென்று வருவது பயன் தரும்.

1892ஆம் ஆண்டில் ஹம்பர்க் நகரத்தில் காலரா தோன்றி, சில வாரங்களுக்குள் எட்டாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதை ஒட்டினாற்போல் அல்தோனா என்னும் வேறொரு நகரம் இருந்தது. இரண்டும் தனித்தனி நிர்வாகம். ஆனால் எல்லை வீதிகளினூடே போயிற்று. ஒரு தெருவின் ஒரு பக்கம் ஹம்பர்க், மறுபக்கம் அல்தோனா. இரண்டு நகரமும் குடித்தது எல்பே ஆற்று நீரையே. ஹம்பர்க் தனக்கு மேலே, ஒப்புநோக்கில் சுத்தமான இடத்தில் நீரை எடுத்தது. அல்தோனாவோ, ஹம்பர்க்கின் கழிவு முழுவதும் கலந்த பின்பு, கீழே எடுத்தது. நியாயப்படி அல்தோனாவே அழிந்திருக்க வேண்டும், நடந்ததோ மறுவிதம். கீழ் நீரை எடுத்த அல்தோனா பல ஆண்டுகளாக அதை மணலில் மெதுவாக வடிகட்டி வந்தது. மேல் நீரை எடுத்த ஹம்பர்க், செலவுக்கு அஞ்சியும் விவாதங்களில் காலங்கடத்தியும், வடிகட்டாமலேயே மக்களுக்குக் கொடுத்து வந்தது. ஹம்பர்க் எல்லைக்குள்ளேயே இருந்தும், அல்தோனாவின் குழாயிலிருந்து நீர் பெற்ற ஒரு குடியிருப்பு முற்றம் நோய்க்குத் தப்பியதை, பெர்லினிலிருந்து வந்து ஆராய்ந்த ரொபர்ட் கொக் குறித்து வைத்தார். காலராக் கிருமி நீரில் பரவுகிறது என்பதற்கு அது பலமான சான்றாயிற்று. ஆயினும் அதில் வேறோர் உண்மையும் அடங்கியிருக்கிறது: ஒரு தெருவின் இரு பக்கத்து மக்களின் வாழ்வையும் மரணத்தையும் பிரித்தது ஆறன்று, ஒரு சபை எடுத்த முடிவும் மற்றொரு சபை எடுக்கத் தவறிய முடிவுமே.

கண்டியிலும் அப்படிப்பட்ட எல்லைகள் பல. மாநகர சபை எல்லைக்குள் வாழ்வோரின் தொகை நெடுங்காலமாக ஓர் இலட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் கண்டி வளரவில்லை என்று முடிவு கட்டிவிடுவார். வளர்ச்சி முழுவதும் எல்லைக்கு வெளியே, குண்டசாலை, பாத்ததும்பறை, ஹாரிஸ்பத்துவை, யடிநுவரை, அக்குறணைப் பக்கங்களில் நடந்திருக்கிறது. அங்கே உறங்குகிறவர்கள் பகலில் நகருக்கு வந்து, நகரத்தின் நீரைக் குடித்து, நகரத்தின் மலசலகூடங்களைப் பயன்படுத்தி, மாலையில் வேறொரு சபையின் எல்லைக்குத் திரும்புகிறார்கள். எசல பெரஹரா நாட்களில் நாடெங்கிலுமிருந்து வந்து கூடும் கூட்டத்தை இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். மாவட்டம் முழுவதிலும் 2012இல் இருந்தோர் சுமார் 13 இலட்சத்து 75 ஆயிரம் பேர்.

இத்தனை பேருக்கும் நீர் கொடுக்கும் பொறுப்பு எத்தனை கைகளில் இருக்கிறது என்று பாருங்கள். மாநகர எல்லைக்குள் பெரும்பாலும் கண்டி மாநகர சபை. வெளியே 1975ஆம் ஆண்டில் பணி தொடங்கிய தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. சில கிராமங்களில் பிரதேச சபைகளின் சிறு திட்டங்கள். இன்னும் பலவற்றில் ஊற்றை மறித்துத் தொட்டி கட்டித் தாங்களே கட்டணம் வசூலித்து நடத்தும் கிராமத்துச் சங்கங்கள். அவற்றைப் பேணவென்று 2014இல் உருவான தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம். ஆற்றின் ஓட்டமோ மகாவலி அதிகாரசபையின் கையிலும் மின்னுற்பத்தியின் தேவையிலும் தங்கியிருக்கிறது. மேலே 1985இல் திறக்கப்பட்ட கொத்மலை அணையிலிருந்து எப்போது எவ்வளவு நீர் விடுவது என்பதும், கீழே 1976இல் திறக்கப்பட்ட பொல்கொல்லை அணையிலிருந்து சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே வடக்கே உக்குவலைக்கும், அப்பால் உலர்வலயத்து வயல்களுக்கும் எவ்வளவு திருப்புவது என்பதும் கண்டி மக்களின் தாகத்தை முதன்மையாகக் கொண்டு தீர்மானிக்கப்படுவன அல்ல. நீர் மாசடையாமற் காப்பது மத்திய சுற்றாடல் அதிகாரசபை. நோய் வந்தால் பொறுப்பு சுகாதாரத் திணைக்களத்துக்கு. ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் திறமையும் கடமையுணர்ச்சியும் உள்ள உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆறு ஒன்று.

அது ஒன்று என்பதன் பொருளை ஆற்றோடு நடந்து பார்த்தால்தான் விளங்கும். ஏரியிலிருந்து வழியும் நீரையும் நகரின் சாக்கடையையும் ஏந்திக்கொண்டு மெத எல என்னும் கால்வாய் நகரின் நடுவே ஓடிக் கெட்டம்பேயில் மகாவலியில் விழுகிறது. சற்றுக் கீழே, நகரத்துக் குப்பை பல பத்தாண்டுகளாகக் குவிக்கப்பட்ட கொஹாகொடை மேடு ஆற்றங்கரைக்கு அருகிலேயே நிற்கிறது. அதனுள் இறங்கும் மழைநீர் கறுத்த சாறாக ஊறி ஆற்றை நாடுகிறது. அக்குறணைக் கடைவீதிகளைத் தொட்டு வரும் பிங்கா ஓயா கட்டுகஸ்தோட்டையில் வந்து கலக்கிறது. மாநகர சபையின் எல்லைக்குள் பிறந்த அழுக்கு மாநகர சபையின் குடிநீரைக் கெடுப்பதைவிட, கட்டுகஸ்தோட்டைக்குக் கீழே வேறு சபைகளின் பரப்பில் வாழ்வோரின் குடிநீரையே அதிகம் கெடுக்கிறது. செலவு செய்ய வேண்டியவர் ஒருவர். நன்மை பெறுகிறவர் மற்றொருவர். இந்த முடிச்சே கண்டியின் நீர்ப் பரிபாலனத்தில் மிகவும் இறுகிப்போன முடிச்சு. ஜப்பானியக் கடனுதவியோடு கன்னொறுவையில் அமைந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இதை ஓரளவு தளர்த்தியிருக்கிறது. நகரின் மத்தியப் பகுதியின் கழிவு குழாய்வழி அங்கே சென்று சுத்தமாகி ஆற்றில் சேர்கிறது. ஆனால் குழாய் எட்டாத மலைச்சரிவுகளில் வீட்டுக்கு வீடு மலக்குழியே கதி. செங்குத்தான நிலத்தில், ஒருவர் வீட்டு மலக்குழியின் கசிவு கீழ்வீட்டார் கிணற்றைத் தேடிப் போவதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை.

எல்லா நீருக்கும் பொதுவான ஒரு சட்டம் செய்தால் இவை தீர்ந்துவிடாவோ என்று கேட்கலாம். முயற்சிகள் நடந்தன. 2000ஆம் ஆண்டில் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசிய நீர்வளக் கொள்கை, நீருக்கு உரிமைப்பத்திரமும் விலையும் வந்துவிடும் என்ற அச்சத்தால் எழுந்த எதிர்ப்பில் நின்றுபோயிற்று. 2003இல் வந்த நீர்ச் சேவைகள் சீர்திருத்தச் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தின் முன் சென்றபோது, அது மாகாண சபைகளின் அதிகாரத்துக்குட்பட்ட விஷயத்தைத் தொடுவதால் அவற்றைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மக்களின் அச்சம் ஆதாரமற்றதன்று; நீரை வியாபாரச் சரக்காக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் மலைநாட்டு ஏழைகளே முதற்பலியாவார்கள். கொழும்பில் எழுதப்படும் ஒரு பெருஞ்சட்டத்தைக் காட்டிலும், மேல் மகாவலிப் படுகைக்கென்று, கொத்மலையிலிருந்து பொல்கொல்லை வரை நீரெடுப்போரும் கழிவு விடுவோரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒவ்வொரு நிலையத்தின் ஆய்வுகூடப் பதிவேட்டையும் அணைகளின் நீர்விடு கணக்கையும் ஒருவருக்கொருவர் திறந்து காட்டும் ஒரு சபையே முதலில் வேண்டும் என்று நான் கருதுகிறேன். கலங்கல் பேராதனையில் ஏறியதைக் கட்டுகஸ்தோட்டை சில மணி நேரம் முன்னதாக அறிந்தால், படிகாரத்தின் அளவை மாற்றிக்கொள்ள அந்த அவகாசமே போதும்.

அந்த மேசையில் ஓர் ஆசனம் இதுவரை எவரும் நினைத்துப் பாராதவர்களுக்கும் உரியது. ஹந்தானையிலும் அப்பால் கம்பளை, புசல்லாவை மலைகளிலும், ஊற்றுகள் பிறக்கும் இடத்தில் குடியிருப்பவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். லயக் காம்பராக்களில் வாழும் பலர் இன்றும் பீலிக்கரையில் குடம் வைத்துத்தான் நீர் பிடிக்கிறார்கள். அந்தப் பீலிக்கு மேலே தேயிலைக்கு இட்ட உரமும் தெளித்த மருந்தும் மழையில் கரைந்து இறங்குவதைத் தடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் இயற்றப்பட்டபோது, தோட்டங்களுக்குள் பிரதேச சபை சுயேச்சையாகச் செலவு செய்ய முடியாதபடி அதன் 33ஆம் பிரிவு தடையாக நின்றது; வாக்களிக்கும் உரிமை பெற்ற பின்னும், தாம் தெரிந்தெடுத்த சபையிடம் ஒரு குழாயைக் கேட்டுப் பெறும் வழி அவர்களுக்கு அடைபட்டிருந்தது. அத்தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்தான் நீங்கியது. சட்டம் வழிவிட்டபின் வேண்டுவது பணம். மலையகத்து வரி வருமானம் குறைந்த பிரதேச சபைகளால் அதைத் தனியே திரட்ட இயலாது. ஆகவே கீழே நகரத்தில் நீருக்குக் கட்டணம் செலுத்தும் ஒவ்வொரு ஹோட்டலும் அலுவலகமும் வசதி படைத்த வீடும் தத்தம் கட்டணத்தோடு ஒரு சிறு பங்கை மேல்நிலத்துக்கென்று செலுத்துமாறு செய்வது நியாயம். கட்ஸ்கில் மலைவாசிகளுக்கு நியூயோர்க் கொடுத்தது தருமமன்று, தான் பெற்ற நீருக்கு விலை. அந்தப் பணத்தில், ஊற்றைச் சுற்றிச் சில பேர்ச் நிலத்தைத் தேயிலையிலிருந்து விடுவித்து மரம் வளர்க்கலாம். ஊற்றுக்கண்ணை மூடிக் கட்டி லயங்களுக்குக் குழாய் இழுக்கலாம். ஓடையோரத்து மலசலகூடங்களை அகற்றி, கசியாத குழிகளோடு வேறிடத்தில் கட்டித்தரலாம். மகாவலி நீர் கெட்டம்பேயை அடையுமுன் செய்யக்கூடிய சுத்திகரிப்புகளில் இவையே செலவில் மிகக் குறைந்தவை. இவற்றைத் தொடங்குவதற்குப் புதிய அணையோ அந்நியக் கடனோ தேவையில்லை, மாநகர சபையும் நீர் வழங்கல் சபையும் தோட்ட நிர்வாகங்களும் தொழிலாளர் பிரதிநிதிகளும் கையெழுத்திடும் ஓர் உடன்படிக்கை போதும்.